சப்பாத்துச் சட்டை

ஓட்டை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதை அடைக்காமல் அவரால் இருக்க முடியாது. மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் நாங்கள் வேலை செய்த ரத்தப் பரிசோதனை லெப்பில், கூரைத் தகரத்தில் ஆணி துருப்பிடித்து விழுந்த துளை, ஜன்னல் வலையில் நுளம்பு நுழைகிற கிழிசல், கழுவுகிற வாளியில் மயிரிழை அளவு வெடிப்பு, எல்லாம் அவர் கைபட்டுத்தான் மூடின. கேட்டுவிட்டுச் செய்கிற வழக்கமும் இல்லை. ஒருநாள் என் குடையைக் காயவைத்துவிட்டுத் திரும்பி வந்தால் அதில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிய கறுப்பு வட்டம். பூப்போட்ட ரோஸ் நிறக் குடையில் அது எவ்வளவு லட்சணமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "ஒழுகலல்ல? அப்பறம் என்னா தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஓட்டையைத் தேடிப் போய்விட்டார்.

அவருடைய வேலை வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது. வெறும் வயிற்றோடு லெப் வரை வந்து காத்திருக்க முடியாத சீனி வியாதிக்காரர்கள்தான் பெரும்பாலும். விடிந்தவுடன் கிளம்பி, கொங்காவலையில் ஒரு வீடு, உக்குவலை றோட்டில் ஒரு வீடு, கோயிலுக்குப் பின்னால் ஒரு வீடு என்று சுற்றிவிட்டுக் குப்பிகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். நான் இரத்தோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து மெஷினைத் தயாராக்கி வைத்திருப்பேன். ஊசி குத்துவதில் கெட்டிக்காரர், வலிக்கவே வலிக்காது என்பார்கள். ஆனால் குத்திய பிறகு அவர் செய்வதுதான் ஊருக்கு வேடிக்கை. பஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டு அந்தத் துளை முழுக்க மூடும் வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரர்கள் தேத்தண்ணீர் கொடுத்து, குடும்பக் கதையெல்லாம் சொல்லி முடித்து, இனிப் போய்ட்டு வாங்க அண்ணே என்கிற வரைக்கும் எழும்ப மாட்டார். எழும்பும்போது எல்லா வீட்டிலும் ஒரே பல்லவி.

"காலப் பாத்துக்குங்க. கண்ணாடிய அடியில வச்சு பாதத்தப் பாருங்க. சீனிக்காரங்களுக்குக் கால்தான் மொதல்ல போறது."

அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வாய் விஷயத்திலும் மனுசன் இறுக்கம். யாருக்கு எவ்வளவு சீனி, யாருக்குக் கொழுப்பு, யார் வீட்டுப் பெண்ணுக்கு ரத்தம் போதாது என்று அவருக்குத் தெரியாத வீடு மாத்தளையில் குறைவு. ஒரு வார்த்தை வெளியே வராது. சம்பந்தம் பேசப் போகிற வீட்டார் அவரை வழியில் நிறுத்தி, மாப்பிள்ளை வீட்டில் ஏதும் இருக்கா என்று நைசாகக் கேட்டுப் பார்ப்பார்கள். அவர் குனிந்து சைக்கிள் செயினைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஹாஜியார் வீட்டு உம்மா ஒருவர், இவர் தன் வாய்க்கும் ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறார் என்று சொன்னாராம். அதை லெப்பில் வந்து பெருமையாகச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். தன் உடம்பைப் பற்றியும் அவர் அதே மாதிரித்தான் வாயைப் பூட்டி வைத்திருந்தார் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

லெப் கொடுத்த மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. பெற்றோலுக்காக நாடே தெருவில் வரிசை கட்டி நின்ற காலத்தில் அது சுவரோரம் சாய்ந்துகொண்டது. அவர் ஒரு பழைய சைக்கிளைத் தேடிப் பிடித்தார். பெற்றோல் திரும்பி வந்த பிறகும் சைக்கிளை விடவில்லை. அதில் போகும்போது நாலு பேரோடு பேசலாம், சந்துக்குள் நுழையலாம் என்பார். மழைதான் தொல்லை. ஐப்பசி பிறந்தால் எங்கள் ஊரில் வானம் எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. மேலுக்கு மழைக்கோட்டு இருந்தது. கால் நனைவது மட்டும் அவருக்குத் தாங்காது. கன்வஸ் சப்பாத்து நனைந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க முகம் கறுத்திருக்கும்.

அப்போதுதான் அந்தச் சோடி வந்து சேர்ந்தது. அவருடைய மனைவியின் தம்பி சீகிரியாவில் திரீவீலர் ஓட்டுகிறவர். சைக்கிளில் நாடு சுற்ற வந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதை அவர் மச்சானுக்கு மழைக்கு உதவும் என்று கொண்டுவந்தார். சப்பாத்துக்கு மேலே இழுத்துப் போட்டுக்கொள்கிற உறை அது. கறுப்பு ரப்பர், தடிப்பாக, தொட்டால் பஞ்சு மாதிரி அமுங்கும். கணுக்காலுக்கு மேலே வரை ஏறும். பின்பக்கம் குதிகாலிலிருந்து மேலே இழுத்துப் பூட்டுகிற ஒரு சிப். அடியில் மட்டும் முன்பாதத்தில் ஒன்று, குதியில் ஒன்று என்று பெரிய ஓட்டைகள். இதற்கு என்ன பெயர் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அவர்தான் சப்பாத்துச் சட்டை என்று பெயர் வைத்தார்.

அடியில் ஓட்டையைக் கண்ட உடனேயே அவருக்குக் கை துறுதுறுத்தது. மனைவியின் தம்பி எடுத்துச் சொல்லியிருக்கிறார், அது தெரியாமல் விட்ட ஓட்டை இல்லை, அவர்கள் சப்பாத்தின் அடியில் ஒரு கொக்கி இருக்கும், அது பெடலில் மாட்ட இடம் வேண்டும், உள்ளே போகிற தண்ணீர் இறங்கவும் அதுதான் வழி என்று. இவர் கேட்டால்தானே. வெள்ளைக்காரன் ஓட்டையோடு தைத்து விற்கிறான், நீ அவனுக்கு வக்காலத்து வாங்குகிறாய் என்று அந்தப் பிள்ளையின் வாயை அடைத்துவிட்டார்.

லொறி டியூப் ஒன்றை வாங்கி, பாதத்தின் அளவுக்கு வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் பூசி ஒட்டினார். அது பிடிக்கும் வரை எங்கள் பழைய மைக்ரோஸ்கோப் பெட்டியை அதன் மேல் தூக்கி வைத்தார். மறுநாள் காலை கழுவுதொட்டிக்கு மேலே இரண்டு சட்டைகளையும் தொங்கவிட்டு, சிப் தொடங்குகிற மட்டம் வரை தண்ணீர் நிரப்பிவிட்டு வேலைக்குப் போனார். திரும்பி வரும்போதும் தண்ணீர் அப்படியே நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"பாத்தியா தங்கச்சி, ஒரு சொட்டு வெளிய வரல."

"அப்ப உள்ள போனதும் வெளிய வராதுல்ல அண்ணே" என்றேன். சும்மா சீண்டத்தான் சொன்னேன். உள்ளே எப்படிப் போகும் என்று அவர் திருப்பிக் கேட்டார். மேல்பக்கம் திறந்துதானே இருந்தது. காற்சட்டையில் இறங்குகிற மழை காலோடு வழிந்து உள்ளேதான் போகும். அது அவர் கணக்கில் வரவே இல்லை.

அதைத் தைத்தவன் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறவனுக்காகத் தைத்திருந்தான். இவரோ பாதி வழி இறங்கி நடக்கிறவர். எங்கள் ஊர்ச் சந்துகள் ஏற்றமும் படியுமாகக் கிடப்பவை, சைக்கிளைக் கீழே சாத்திவிட்டுச் சல்லிக்கல்லில் ஏறித்தான் பல வீடுகளுக்குப் போக வேண்டும். டியூப் ஒட்டு ஒரு மாதம் தாங்கியது. தேய்ந்த இடத்தில் இன்னொரு ஒட்டு. பெடலின் இரும்புப் பல் கடித்த இடத்தில் டயர்த் துண்டு. தையல் விட்ட ஓரத்துக்கு நைலோன் நூல், அதன் மேல் சொலூஷன். மழை இல்லாத நாளில் உள்ளே பவுடர் கொட்டி, லெப் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் சூடு வருகிற இடத்தில் காயவைப்பார். அந்த ரப்பர் வாடையும் கால் வாடையும் சேர்ந்து எழும்பும்போது முதலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு, இது லெப்பா, டயர்க் கடையா என்று கத்துவார். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். இரண்டாவது மழைக்காலத்தில் அந்தச் சட்டையில் வெள்ளைக்காரன் தைத்தது எது, இவர் ஒட்டியது எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விட்டது. கனம் மட்டும் கூடியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் வாத்து மாதிரி நடந்து வருவதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம்.

கடைசியில் சிப் போனது. வேர்வை பட்டுப்பட்டு அதன் பல் பொடிந்துவிட்டது. நல்ல சிப் வைத்துத் தைக்கத் தையல்காரரிடம் கொடுங்கள் என்றேன். தைத்தால் ஊசித் துளை விழும், அதில் தண்ணீர் போகும் என்றார். இரண்டு ஓரத்தையும் சேர்த்து இழுத்து, மெல்லிய செப்புக் கம்பியால் கீழிருந்து மேலே வரிந்து கட்டி, மேலே டியூபை ஒட்டினார், காலை நுழைக்க உச்சிக் கட்டை மட்டும் தளர்த்துகிற மாதிரி விட்டு. கம்பியின் நுனிகளை உள்பக்கமாக மடக்கிவிட்டார், காற்சட்டையில் மாட்டிக் கிழிக்காமல் இருக்க.

அந்த நாட்களில்தான் ஒருநாள் தேத்தண்ணீர் போட வைத்த கொதிநீர்ப் பாத்திரம் சரிந்து அவர் வெறும் பாதத்தில் கொட்டியது. நான் அலறிவிட்டேன். அவர் பேசிக்கொண்டிருந்த கதையை நிறுத்தக்கூட இல்லை. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குனிந்தார். சுடவில்லையா என்று கேட்டேன். தேயிலைத் தோட்டத்தில் வெறுங்காலோடு வளர்ந்த கால், தோல் தடிப்பு என்றார். சீனி முற்றினால் கால் மரத்துப்போகும். அந்தத் தடிப்பு என்ன தடிப்பு என்று இந்த வேலையில் இருக்கிற எங்களுக்குத் தெரியாதா? உங்கள் ரத்தத்தை ஒரு தடவை எடுத்துப் பார்ப்போம் என்று கையைப் பிடித்தேன். என் ரத்தம் எனக்குத் தெரியும் என்று சட்டென்று இழுத்துக்கொண்டார். முதலாளியிடம் சொன்னேன். அவரும் கூப்பிட்டுச் சொன்னார். இவர் தங்கை வீட்டில் விசேஷம் என்று லீவு போட்டுவிட்டு இரண்டு நாள் வராமல் இருந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்களுக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றுவதை நிறுத்தினார்.

கார்த்திகையில் ஒரு கிழமை, ஏழு நாளும் விடாமல் பெய்தது. ஒருநாள் காலை அவர் வருவதற்குப் பிந்திவிட்டது. குப்பிகளை என்னிடம் கொடுத்துவிட்டு, வெளிக் குந்தில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இடதுகால் சட்டையின் கம்பியைத் தளர்த்திக் கழற்றிக் கவிழ்த்தார். நான் கதவருகில்தான் நின்றேன். ஒரு கோப்பைக்கும் கூடுதலாகத் தண்ணீர் கொட்டி, சீமெந்தில் படர்ந்து, வாசற்படி வரை வந்தது. சிவப்பாக இருந்தது.

"செம்மண் தண்ணி தங்கச்சி. உக்குவலைப் பக்கம் ரோட்ட வெட்டிப் போட்டிருக்கான்."

"அண்ணே, காலையிலேருந்து பின்னேரம் வரைக்கும் நான் பாக்குறது ரத்தம். எனக்கு ரத்தத்துக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

நான் கீழே உட்கார்ந்து காலைப் பிடித்துக் கன்வஸ் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன். தடுக்கப் பார்த்தார், நான் விடவில்லை. பாதம் முழுக்க ஊறி வெளுத்து, சுருங்கி, சலவைக்காரரின் கை போல இருந்தது. குதிகாலுக்குச் சற்று மேலே, கம்பி நுனி இருந்த அதே இடத்தில், ஒரு கறுப்புத் துண்டு ஒட்டியிருந்தது. முதலில் அழுகல் என்று நினைத்தேன். சைக்கிள் டியூப். நான்கு பக்கமும் பிளாஸ்டர் போட்டு இறுக்கி ஒட்டியிருந்தார், கீழ்ப்பக்கம் மட்டும் ஊறிக் கிளம்பி அதன் வழியே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மழைத் தண்ணீர் புண்ணுக்குள் போகக் கூடாதாம். அதை உரித்தபோது வந்த வாடையை நான் எழுத மாட்டேன். குத்திய புண்ணின் வாயை அவர் வெளியே மூடிவிட்டார். உள்ளே அது எலும்பு வரைக்கும் வழி தேடிக்கொண்டு போயிருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. அதுதான் கொடுமை, கடைசி வரை வலிக்கவில்லை.

அவருடைய மனைவியை போனில் கூப்பிட்டேன். அந்த அக்கா ஓடி வந்தார். திரீவீலரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். எப்போதிருந்து சீனி என்று டொக்டர் கேட்டபோது, அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப வருசமா என்றார். மனைவிக்கு அதுவே புதுச் செய்தி. இத்தனை காலமும் சீனி போடாத தேத்தண்ணீரைத்தான் குடிப்பார், இனிப்பு பிடிக்காத மனுசன் என்றுதான் நினைத்திருந்தேன் என்று அந்த அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

டொக்டர் சின்ன வயசு சிங்களப் பெண். கோபப்படாமல்தான் பேசினாள். திறந்த புண்ணாக வந்திருந்தால் கழுவிச் சுத்தம் பண்ணியிருக்கலாம், மூடி வைத்ததால் எல்லாம் உள்ளே போய்விட்டது, இனி முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், எடுத்தால் பிழைப்பார், தாமதித்தால் சொல்ல முடியாது என்றாள். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஒரு வார்த்தை விடாமல் விளங்கியது. பெரிதாக யோசிக்கவும் இல்லை. முடியாது என்றார்.

அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து அத்தனை வார்த்தைகள் சேர்ந்து வந்ததைக் கேட்டேன். "எங்க அண்ணனுக்கு மொதல்ல விரல்ன்னாங்க. பொறவு பாதம்ன்னாங்க. பொறவு முட்டிக்காலு. ஒவ்வொருக்காவும் இதோட சரின்னாங்க. கடைசியில மூட்டையத் தூக்குற மாதிரி அவரத் தூக்கி வச்சோம். சாகுறவரைக்கும் யார் முகத்தையும் பாக்கல."

ஒரு கால் இல்லாமல் எத்தனை பேர் நன்றாக இருக்கிறார்கள், நீங்களே எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்திருக்கிறீர்கள் என்று நான் மன்றாடினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க வீட்டுக்குள்ள போயி ஒக்காந்து வந்தவன் நான்தானே. எப்பிடி இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்."

அந்த வீடுகளில் துளை மூடும் வரைக்கும் பஞ்சை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவர் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. அக்காவுக்கு ரெண்டு கால் வேணுமா, நீங்க வேணுமா, கேட்டுப் பாத்தீங்களா என்று வார்ட்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்று அவருடைய நல்ல காலைத் தடவிக்கொண்டிருந்தார். மெதுவாக அவரிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். புண்ணை மூடாமல் விட வேண்டும், சீழ் இறங்கட்டும் என்று மருந்து கட்டி அனுப்பியிருந்தார்கள். நான் வேலை முடிந்து பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தத் துணியை இறுக்கச் சொல்லி அக்காவோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பார். காய்ச்சலில் கண் சிவந்திருக்கும், பேச்சு குழறும், கை மட்டும் துணியின் ஓரத்தைத் தேடித்தேடி இழுத்து மூடும். கோயில் ஐயர் வந்து சொன்னார், ஹாஜியார் வீட்டிலிருந்து வந்து சொன்னார்கள், முதலாளி செலவெல்லாம் நான் பார்க்கிறேன் வாருங்கள் என்று வாகனத்தோடு வந்து நின்றார். எல்லோருக்கும் தலையாட்டினார். வாகனத்தில் ஏறவில்லை. காய்ச்சல் தலைக்கேறி நினைவு தப்பிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியிலேயே முடிந்துவிட்டது.

மழை நிற்காத நாள். வீட்டுக்கு முன்னால் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். அவர் ரத்தம் எடுத்த வீடுகளிலிருந்து ஊன்றுகோலோடும் மகன்மார் தோளைப் பிடித்துக்கொண்டும் வந்திருந்தார்கள். நெற்றியில் விபூதி பூசி, கைகளைச் சேர்த்து, கால் பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டினார்கள். இடது பாதம் கறுத்து வீங்கியிருந்தது. துணி எட்டாமல் இன்னொரு துண்டு முடிச்சுப் போட்டார்கள்.

சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, அண்ணனுக்குக் கிடைக்காத கொடுப்பினை, கைகால் குறையாமல் முழுசாகப் போகிறார், புண்ணியம் செய்தவர் என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாய்க்கு வந்ததைக் கேட்டுவிடலாம் என்று நிமிர்ந்தேன்.

அதற்குள் அந்த அக்கா தலையைத் தூக்கினார். அழுது ஓய்ந்த குரல்தான், ஆனால் பந்தலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"நான் முழுசாக் கேக்கலீங்க. பாதி போதும்னுதான் சொன்னேன். அவருதான் கேக்கல."